எதை விட்டார்கள், எதை வைத்துக்கொண்டார்கள்: பிரிட்டிஷ் அரூபக் கலைக்கு ஓர் அறிமுகம்

கண்ணால் காணும் பொருளை அப்படியே காட்டாத அரூப ஓவியத்தின் முன்னால் நிற்கிற எவரும் முதலில் கேட்பது "இது என்ன?" என்றுதான். நியாயமான கேள்வி. ஆனால் அதற்குப் பதில் கிடைக்காதபோது பலரும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள், அல்லது அடுத்த படத்துக்குப் போய்விடுகிறார்கள். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள்: இதைச் செய்தவர் தான் பார்த்ததில் எதை விட்டுவிட்டார், எதை வைத்துக்கொண்டார்? இருபதாம் நூற்றாண்டு பிரிட்டிஷ் கலைஞர்களிடம் இந்தக் கேள்வியோடு போனால் ஏமாற்றம் இருக்காது. ரஷ்யாவிலும் ஹாலந்திலும் சிலர் கண்ணால் காணும் உலகத்தைப் படத்திலிருந்து அறவே வெளியேற்றினார்கள். பிரிட்டனில் பெரும்பாலோருக்கு அது ஒத்துவரவில்லை. கடலும் குன்றும் மனித உடம்பும் எப்படியோ திரும்ப உள்ளே வந்துவிட்டன. இதைப் பிரிட்டிஷ்காரர்களின் தயக்கம் என்று சொன்ன விமர்சகர்கள் உண்டு. எனக்கு அதுதான் அவர்களுடைய பலமாகத் தெரிகிறது.

அடிப்படையை முதலில் பார்த்துவிடலாம். அரூபக் கலைக்குப் போக இரண்டு வழிகள் இருக்கின்றன. முதலாவது, கண்முன் இருக்கும் ஒன்றில் தொடங்குவது. ஒரு சிறிய துறைமுகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். படகில் எழுதியிருக்கும் பெயர், சுருட்டி வைத்த கயிறு, ஆட்களின் முகம் என்று ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போனால், அலையில் ஆடும் சில வளைவுகளும் இரண்டு மூன்று நிறங்களும் மிஞ்சும். அந்த மிச்சத்தைத் தீட்டுவது ஒரு வழி. இரண்டாவது, எதையும் பார்த்து வரையாமல் வட்டம், சதுரம், கோடு, நிறம் இவற்றையே எடுத்து ஒரு படத்தைக் கட்டி எழுப்புவது. ராக ஆலாபனையில் சொல் கிடையாது. ஆனாலும் யாரும் அதற்கு அர்த்தம் கேட்பதில்லை, ஸ்வரங்கள் ஒன்றோடொன்று சேரும் விதத்திலேயே மனசு போய்விடுகிறது. இரண்டாவது வழியில் செய்த படங்கள் கேட்பதும் அந்த மாதிரி கவனத்தைத்தான்.

விளக்கத்துக்காக இப்படிப் பிரித்துக்கொண்டாலும், பிரிட்டனில் இந்த இரண்டு வழிகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டே போகின்றன. அதைக் கீழே பார்க்கலாம்.

1914: ஒரு குளியலறையில் தொடக்கம்

லண்டன் 1910 வரை நவீன ஓவியம் என்றாலே முகம் சுளித்த ஊர். அந்த வருடம் ரோஜர் ஃப்ரை என்ற விமர்சகர் செசான், வான்கோ, கோகன் ஆகியோரின் படங்களைக் கொண்டுவந்து கிராஃப்டன் கேலரியில் கண்காட்சி வைத்தார். பார்த்தவர்களில் பலர் சிரித்தார்கள், பலர் கொதித்தார்கள். அடுத்த நான்கே வருடத்தில் அதே ஊரில் இளைஞர்கள் முழு அரூபத்துக்கே போய்விட்டார்கள் என்பதுதான் ஆச்சரியம்.

வனெஸ்ஸா பெல் வெறும் செவ்வகங்களை மட்டும் வைத்து ஒரு படம் தீட்டினார். அவருடைய நண்பர் டங்கன் கிராண்ட் 1914இல் நான்கரை மீட்டர் நீளத்துக்கு ஒரு சுருள் செய்தார். வண்ணச் செவ்வகங்கள் வரிசையாகப் போகும் அந்தச் சுருளை ஒரு சிறிய திறப்பின் வழியாக மெதுவாக நகர்த்திக் காட்ட வேண்டும், கூடவே ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் இசை ஒலிக்க வேண்டும் என்பது திட்டம். அந்த வயதில் அவருக்கு வந்த துணிச்சலான யோசனை. அவர் அதைத் தொடரவில்லை. பிற்பாடு மறுபடி ஆட்களையும் பூக்களையுமே வரைந்தார்.

இந்தக் காலத்துப் படங்களில் ஒன்றை மட்டும் பார்க்க நேரம் இருந்தால் டேவிட் பாம்பெர்க் 1914இல் வரைந்த ‘சேற்றுக் குளியல்’ படத்தைப் பாருங்கள். இப்போது டேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாம்பெர்க் கிழக்கு லண்டனின் வைட்சேப்பல் பகுதியில், போலந்திலிருந்து வந்த யூதக் குடும்பத்தில் வளர்ந்தவர். அந்தப் பகுதி யூதர்கள் கூடிக் குளித்த ஒரு நீராவிக் குளியல் விடுதிதான் படத்தின் மூலம். படத்தில் என்ன இருக்கிறது? பெரிய சிவப்புச் செவ்வகம். அதன் நடுவே கருமையும் பழுப்புமாக ஒரு தூண். சுற்றிலும் வெள்ளையும் நீலமுமாக வெட்டுப்பட்ட துண்டுகள், குதிப்பதும் குனிவதும் தாவுவதுமாக. சில நிமிடம் பார்த்தால் அந்தத் துண்டுகள் கை, கால், முதுகு என்று பிடிபடத் தொடங்கும். உடனே மறுபடி வெறும் கோணங்களாகிவிடும். முகம், தோல், தண்ணீர், நீராவி எல்லாவற்றையும் விட்டுவிட்டார். உடம்புகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு அசைகிற வேகத்தை மட்டும் வைத்துக்கொண்டார். தேவையில்லாததையெல்லாம் உரித்துவிட்டேன் என்ற கருத்தில் அவரே கண்காட்சிப் பட்டியலின் முன்னுரையில் எழுதினார். இந்தப் படத்தை லண்டனின் செல்சி பகுதியில், கண்காட்சி நடந்த கேலரியின் வெளிச்சுவரில், வெயிலிலும் மழையிலும் தெருவைப் பார்த்தபடி மாட்டிவைத்தார்கள்.

அதே வருடம் விண்டம் லூயிஸ் தலைமையில் வோர்ட்டிசிஸ்ட்கள் என்ற குழு கிளம்பியது. கவிஞர் எஸ்ரா பவுண்ட் வைத்த பெயர் அது; சுழலை நினைவூட்டும் சொல். இயந்திர யுகத்தின் கூர்மையைப் படத்தில் கொண்டுவர வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. பளிச்சென்ற இளஞ்சிவப்பு அட்டையோடு ‘ப்ளாஸ்ட்’ என்று ஒரு பத்திரிகை நடத்தினார்கள். இரண்டே இதழ்கள்தான் வந்தன. அவர்களோடு நெருக்கமாக இருந்த சிற்பி ஜேக்கப் எப்ஸ்டீன், பாறையைத் துளைக்கும் நிஜமான டிரில் இயந்திரம் ஒன்றை வாங்கி அதன்மேல் முகமூடி போட்டதுபோல் ஒரு இயந்திர மனிதனை உட்காரவைத்தார். பிறகு முதல் உலகப் போர். இயந்திரம் என்ன செய்யும் என்பதை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். இன்னொரு இளம் சிற்பி ஹென்றி கோடியே-பிரெஸ்கா 1915இல் பிரான்ஸ் போர்முனையில் இறந்தபோது வயது 23. எப்ஸ்டீன் தன் சிற்பத்திலிருந்து டிரில்லைக் கழற்றிப் போட்டு, மனித உருவத்தை இடுப்போடு வெட்டி, கையும் குறைந்துபோன உடலாக உலோகத்தில் வார்த்தார். போருக்கு முன் செய்த சிற்பத்தின் நிழற்படத்தையும் இந்த வெட்டுண்ட உடலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

1920களில் பிரிட்டனில் அரூபம் ஏறக்குறைய அடங்கிப்போனது. பாம்பெர்க்கே நிலக்காட்சி வரையப் போய்விட்டார்.

கல்லில் ஒரு துளை

மறுபடி உயிர் வந்தது 1930களில், லண்டனின் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில். இங்கே முக்கியமானவர்கள் மூன்று பேர்: ஹென்றி மூர், பார்பரா ஹெப்வொர்த், பென் நிக்கல்சன். மூரும் ஹெப்வொர்த்தும் யார்க்‌ஷயர்காரர்கள். லீட்ஸ் ஓவியப் பள்ளியிலும் அப்புறம் லண்டன் ராயல் காலேஜிலும் படித்தவர்கள். இரண்டு பேருக்கும் பொதுவான ஒரு பிடிவாதம் இருந்தது. அதுவரை பல சிற்பிகள் களிமண்ணில் மாதிரி செய்து கொடுப்பார்கள், கல்லில் அதைப் பெரிதாக்கிச் செதுக்குவது தொழிலாளிகளின் வேலை. இவர்கள் உளியைத் தாங்களே கையில் எடுத்து நேராகக் கல்லில் இறங்கினார்கள். கல்லில் செய்தால் அது கல்லாகத் தெரிய வேண்டும், மரத்தில் செய்தால் மரத்தின் வரியோட்டம் தெரிய வேண்டும் என்றார்கள். கல்லைத் தோல்போலக் காட்ட வேண்டாம் என்று முடிவான பிறகு, மூக்கும் கண்ணும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுபோவது இயல்புதான்.

1932இல் ஹெப்வொர்த் ஒரு சிறிய அலபாஸ்டர் கல்லை நடுவில் குடைந்து மறுபக்கம் வரை துளைத்தார். போரில் அழிந்துபோய் இன்று நிழற்படமாக மட்டுமே இருக்கும் அந்தச் சிற்பம்தான் பிரிட்டிஷ் சிற்பக்கலையில் ஒரு திருப்பம் என்று நினைக்கிறேன். துளை என்றால் சாதாரணமாகப் பொருள் இல்லாத இடம். இங்கே அந்த இல்லாத இடத்துக்கும் ஒரு உருவம் வந்துவிட்டது. சிற்பத்தின் முன்பக்கமும் பின்பக்கமும் சந்திக்கின்றன, அந்தப் பக்கத்து வெளிச்சம் இந்தப் பக்கம் வருகிறது. கல்லைத் துளைத்தபோது பெருமகிழ்ச்சி அடைந்ததாக ஹெப்வொர்த் பின்னாளில் எழுதினார். மூரும் விரைவில் துளைகளைக் கையாண்டார். திடப்பொருளுக்கு இருக்கும் அளவு உருவ அர்த்தம் துளைக்கும் இருக்க முடியும் என்று எழுதினார். மூரின் சாய்ந்து படுத்த பெண்ணுருவங்களைப் பாருங்கள். 1938இல் பச்சை ஹார்ன்டன் கல்லில் செய்த ஒன்று டேட்டில் இருக்கிறது. மார்புக்கும் தொடைக்கும் நடுவே பெரிய துளை. முழங்கால் ஒரு குன்றுபோல எழுகிறது, துளை ஒரு குகைபோல உள்வாங்குகிறது. உடம்பா நிலமா என்று பிரிக்க முடியாது. மூர் உடம்பை ஒருபோதும் முழுதாக விட்டுவிடவில்லை. அதனால்தான் அரூபத்துக்குப் புதியவர்கள் அவரிடம் தொடங்குவது சுலபம்.

ஹெப்வொர்த் இன்னும் ஒரு படி போனார். 1934 அக்டோபரில் அவருக்கும் நிக்கல்சனுக்கும் ஒரே பிரசவத்தில் மூன்று குழந்தைகள் பிறந்தன. சில வாரங்கள் கழித்து உளியை மறுபடி எடுத்தபோது தன் வேலையின் போக்கே மாறியிருந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். உடம்பின் சாயல் போய்விட்டது. உருவங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி, அளவு, எடை, இழுவிசை ஆகியவையே விஷயமாகிவிட்டன. 1935இல் செய்த ‘மூன்று உருவங்கள்’ இதற்குச் சாட்சி. வெள்ளைப் பளிங்குப் பலகை, அதன்மேல் பளிங்கில் ஒரு கோளமும் முட்டை வடிவில் இரண்டு கற்களும். அவ்வளவுதான். மொத்த நீளமே அரை மீட்டர் சொச்சம். ஒன்று தள்ளி நிற்க, மற்ற இரண்டும் நெருங்கி இருக்கின்றன. மூன்று குழந்தைகள் என்று நேராகப் பொருத்திப் பார்க்க ஆசை வரும். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் நஷ்டம் நமக்குத்தான். எந்தக் கல்லையாவது ஒரு விரல் அகலம் நகர்த்தினால் என்ன ஆகும் என்று மனசுக்குள் நகர்த்திப் பாருங்கள். முழு அமைப்பும் குலைந்துவிடும். அந்த இடைவெளியைத்தான் அவர் செதுக்கியிருக்கிறார்.

நிக்கல்சன் ஓவியர், பிரபல ஓவியரின் மகன். 1933இல் பாரிஸில் வெள்ளைப் பூச்சு பூசிய ஒரு பலகையில் கோடுகளைக் கீறிக்கொண்டிருந்தபோது, இரண்டு கோடுகள் சந்தித்த இடத்தில் பூச்சின் ஒரு சில்லு பெயர்ந்து விழுந்தது. அவர் அதைச் சரிசெய்யவில்லை. பள்ளமே நன்றாக இருக்கிறதே என்று தொடர்ந்து குடைந்தார். அடுத்த வருடம் வண்ணத்தையும் விட்டார். வட்டமும் செவ்வகமுமாக வெவ்வேறு ஆழத்தில் குடைந்த பலகை, மேலே முழுக்க வெள்ளை. நிழற்படத்தில் பார்த்தால் ஒன்றும் புரியாது. விளக்கின் கோணம் மாற மாற விளிம்புகளில் நிழல் மெலிந்தும் தடித்தும் கோடுகளை வரைந்துகொண்டே இருக்கும். நேரில்தான் அது தெரியும். டேட்டில் இருக்கும் 1935ஆம் வருடத்து வெண்புடைப்பு ஒரு மஹாகனி மேஜைப் பலகையில் குடைந்தது. சில படைப்புகளில் வட்டத்தைக் காம்பஸ் இல்லாமல் கையாலேயே வரைந்திருக்கிறார். அந்தச் சின்னக் கோணல் இல்லாவிட்டால் படம் உயிரற்றுப் போயிருக்கும்.

அந்த வருடங்களில் ஹாம்ப்ஸ்டெட்டுக்கு ஐரோப்பாவே வந்து சேர்ந்தது என்று சொல்லலாம். ஹிட்லருக்குத் தப்பியும் போருக்கு அஞ்சியும் கலைஞர்கள் லண்டன் வந்தார்கள். ரஷ்யச் சிற்பி நவும் காபோ வந்தார். 1938இல் டச்சு அரூப ஓவியர் மொந்திரியானே வந்து, நிக்கல்சன் வீட்டுக்கு அருகில் ஒரு அறையில் இரண்டு வருடம் குடியிருந்தார். நிக்கல்சன், காபோ, கட்டடக் கலைஞர் லெஸ்லி மார்ட்டின் மூவரும் சேர்ந்து 1937இல் ‘சர்க்கிள்’ என்ற தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். அரூபமான ஒழுங்கும் தெளிவும் ஒரு நல்ல சமூகத்துக்கு வழிகாட்டும் என்று அவர்கள் மனப்பூர்வமாக நம்பினார்கள். ஜான் பைப்பர் மாதிரி சிலருக்கு அந்த நம்பிக்கை நீடிக்கவில்லை. முழு அரூபம் வரைந்துகொண்டிருந்த அவர் போர்க்காலத்தில் குண்டு விழுந்த தேவாலயங்களை வரையப் போனார்.

செயின்ட் ஐவ்ஸ்: கடல் உள்ளே வருகிறது

1939 ஆகஸ்டில், போர் மூளச் சில நாள் இருக்கும்போது, ஹெப்வொர்த்தும் நிக்கல்சனும் குழந்தைகளோடு லண்டனை விட்டுக் கிளம்பினார்கள். போன இடம் இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் உள்ள செயின்ட் ஐவ்ஸ் என்ற மீன்பிடி ஊர். காபோவும் பின்னாலேயே வந்தார். முதல் சில வருடங்கள் ஹெப்வொர்த்துக்குச் செதுக்க இடமும் இல்லை, நேரமும் இல்லை. வீட்டில் குழந்தைகளுக்காக ஒரு பள்ளி நடத்தினார், இரவில் கொஞ்சம் வரைந்தார், பிளாஸ்டரில் சிறு மாதிரிகள் செய்தார். 

அவருடைய கைக்கு மறுபடி மரம் கிடைத்தபோது பிறந்தவற்றில் ஒன்று ‘பெலகோஸ்’, 1946. கிரேக்க மொழியில் கடல் என்று பொருள். எல்ம் மரக்கட்டை ஒன்றை உருண்டையாக்கி, உள்ளே ஆழமாகக் குடைந்திருக்கிறார். வெளிப்பக்கம் மரத்தின் பழுப்பு நிறம், பளபளவென்று. உட்பக்கம் வெளிர் நீலம் கலந்த வெள்ளை பெயின்ட். இரண்டு கரங்கள் சுருண்டு வந்து சந்திக்காமல் நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே நரம்புக் கருவியில் போல் இழைகளை இழுத்துக் கட்டியிருக்கிறார். அவருடைய வீட்டிலிருந்து பார்த்தால் விரிகுடாவின் இரண்டு பக்கமும் நிலம் கைகளை நீட்டிக் கடலை அணைத்திருப்பது தெரியும். அந்தக் காட்சிதான் இது. இழைகள் எதற்கு? தனக்கும் கடலுக்கும் காற்றுக்கும் குன்றுகளுக்கும் நடுவே தான் உணர்ந்த இழுவிசையே அந்த இழைகள் என்று அவர் விளக்கினார். அலை, நுரை, படகு, மணல் எதுவும் இல்லை. ஆனால் உள்ளே சுருளும் அந்த வெள்ளைப் பரப்பை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கண்ணால் தொடர்ந்தால், கரையில் நின்று தண்ணீர் உள்வாங்குவதைப் பார்க்கும் உணர்வு வந்துவிடுகிறது. முதல் வழியும் இரண்டாவது வழியும் இந்த ஒரு மரக்கட்டையில் பிரிக்க முடியாமல் கலந்துபோகின்றன. அரூபம் என்றால் என்ன என்று யாராவது என்னிடம் கேட்டால் நான் காட்டும் முதல் படைப்பு இதுதான்.

ஹெப்வொர்த் 1949இல் அந்த ஊரில் ஒரு ஸ்டூடியோ வாங்கி, 1975இல் அங்கே ஏற்பட்ட தீவிபத்தில் இறக்கும் வரை இருந்தார். இப்போது அது அவருடைய அருங்காட்சியகம். தோட்டத்தில் அவர் வைத்த இடத்திலேயே சிற்பங்கள் செடிகளுக்கு நடுவே நிற்கின்றன.

போருக்குப் பிறகு அந்த ஊரே ஓவியர்களால் நிறைந்தது. டெரி ஃப்ராஸ்ட் ஜெர்மன் சிறை முகாமில் போர்க்கைதியாக இருந்தபோது ஓவியம் கற்றவர். காலையில் துறைமுகத் தளத்தில் நடப்பது அவர் வழக்கம்; ஒல்லியாக உயர்ந்த ஒரு கேன்வாஸில் அந்த நடையைக் கீழிருந்து மேலாக வரைந்தார். குனிந்து பார்த்தால் தெரியும் படகுகள் அதில் பாதி வட்டங்களாக ஆடுகின்றன. வில்ஹெல்மினா பார்ன்ஸ்-கிரஹாம் 1949இல் சுவிட்சர்லாந்தின் பனியாறுகளுக்குப் போய்விட்டு வந்து, பனிக்கட்டியின் வெளிப்புறமும் உட்புறமும் ஒரே நேரத்தில் தெரிகிற மாதிரி ஒரு வரிசைப் படங்கள் செய்தார். பேட்ரிக் ஹெரன் தன் தோட்டத்து அசேலியா பூக்களிலிருந்து வெறும் வண்ணப் புள்ளிகளுக்கும், அங்கிருந்து கிடைக்கோட்டுப் பட்டைகளுக்கும் போனார்.

இவர்களில் பீட்டர் லேன்யன் மட்டுமே அந்த மண்ணில் பிறந்தவர். ஒரே இடத்தில் நின்று பார்த்த காட்சி அவருக்குப் போதவில்லை. ஒரு ஊரை மேலிருந்தும் கீழிருந்தும், நடந்தும் சுற்றியும் பார்த்ததையெல்லாம் ஒரே கேன்வாஸில் அடுக்கினார். 1959இல் கிளைடர் ஓட்டக் கற்றுக்கொண்டார். எஞ்சின் இல்லாத விமானம் அது. நிலத்திலிருந்து எழும் வெப்பக்காற்றைக் கண்டுபிடித்து அதன்மேல் ஏறித்தான் மேலே போக வேண்டும். 1960இல் வரைந்த ‘தெர்மல்’ படத்தில் நீலமும் வெள்ளையும் சாம்பலும் சுழன்று எழுகின்றன. அவர் வரைந்தது கண்ணுக்குத் தெரியாத காற்றை. ஆனால் அவருக்கு அது உயிரைத் தாங்கிய காற்று. 1964இல் கிளைடர் விபத்தில் பட்ட காயத்தால் 46 வயதில் இறந்தார்.

பீடத்திலிருந்து தரைக்கு

செயின்ட் ஐவ்ஸில் எல்லோரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்த அதே காலத்தில், லண்டனில் சிலருக்கு இயற்கையே வேண்டாம் என்றிருந்தது. விக்டர் பாஸ்மோர் மென்மையான தேம்ஸ் நதிக் காட்சிகளுக்குப் பேர் போனவர். 1948வாக்கில் திடீரென்று அதையெல்லாம் விட்டு முழு அரூபத்துக்கு மாறினார். மேரி மார்ட்டின், கென்னத் மார்ட்டின், அந்தோனி ஹில் ஆகியோரோடு சேர்ந்து பிளாஸ்டிக்கிலும் மரத்திலும் கணக்குப்படி கட்டமைப்புகள் செய்தார். பிற்பாடு இங்கிலாந்தின் வடகிழக்கில் பீட்டர்லீ என்ற புதிய நகரத்தை வடிவமைப்பதில் பங்கெடுத்து, 1969இல் அங்கே கான்கிரீட்டில் நடந்து உள்ளே போகக்கூடிய அளவில் ஒரு அரூபச் சிற்பமே கட்டினார். அப்போலோ பெவிலியன் என்று பெயர். அக்கம்பக்கத்தார் அதை வெறுத்தார்கள், சுவரெங்கும் கிறுக்கினார்கள், இடிக்கச் சொல்லிக் கேட்டார்கள். 2009இல் அதைச் சீரமைத்து, 2011இல் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்தார்கள். வீட்டு வாசலில் யாரையும் கேட்காமல் வைக்கப்பட்ட கலை என்பதால் அந்த மக்களின் கோபத்தில் நியாயம் இருக்கவே செய்கிறது.

இதற்கிடையே அமெரிக்க அரூப ஓவியங்கள் 1956இலும் 1959இலும் டேட்டுக்கு வந்தன. சுவரளவு கேன்வாஸ்களைப் பார்த்து இளைஞர்கள் அதிர்ந்துபோனார்கள். 1960இல் ‘சிச்சுவேஷன்’ என்று ஒரு கண்காட்சி வைத்தபோது இரண்டே நிபந்தனைதான்: படம் முழு அரூபமாக இருக்க வேண்டும், குறைந்தது 30 சதுர அடி இருக்க வேண்டும். படத்தைப் பார்ப்பதற்குப் பதிலாக அதற்குள் நிற்க வேண்டும் என்பது எண்ணம். ஜில்லியன் ஏர்ஸ், ஜான் ஹாய்லண்ட் போன்றவர்கள் அங்கிருந்து வளர்ந்தவர்கள்.

சிற்பத்தில் இதே பாய்ச்சலைச் செய்தவர் அந்தோனி கேரோ. பொறியியல் படித்தவர், 1950களின் தொடக்கத்தில் மூரிடம் உதவியாளராக இருந்தவர். 1959இல் அமெரிக்கா போய் அங்குள்ள ஓவியர்களோடும் சிற்பிகளோடும் பழகிவிட்டுத் திரும்பியதும், களிமண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டு வெல்டிங் கற்றார். இரும்புத் தகடு, கர்டர், குழாய் எல்லாம் பழைய இரும்புக் கடைச் சரக்கு.

1962இல் செய்த ‘ஏர்லி ஒன் மார்னிங்’ ஆறு மீட்டருக்கு மேல் நீளம். ஒரு முனையில் பெரிய தகடு ஒன்று கேன்வாஸைப்போல நிமிர்ந்து நிற்கிறது. அங்கிருந்து நீளவாக்கில் ஒரு சட்டம் ஓடுகிறது. அதன்மேல் ஒரு பலகை படுத்திருக்கிறது, ஒரு குழாய் வளைகிறது, மறுமுனையில் மெல்லிய கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாக எழுகின்றன. முழுக்க ஒரே சிவப்பு. முதலில் பச்சை அடித்திருந்தார். சிவப்பு அடிக்கச் சொன்னவர் அவர் மனைவி, ஓவியர் ஷீலா கெர்லிங். அந்தச் சிவப்பில் இரும்பின் எடை காணாமல் போகிறது. வெல்டிங் செய்த இடமும் கண்ணை உறுத்துவதில்லை. எல்லாம் காற்றில் போட்ட கோடுகளாக நிற்கின்றன. இதற்குப் பீடம் கிடையாது என்பது அதைவிடப் பெரிய விஷயம். அதுவரை சிற்பம் பீடத்தின்மேல், நம்மைவிட உயரத்தில், தனி உலகத்தில் இருந்தது. இது நாம் நிற்கிற தரையிலேயே நிற்கிறது. பக்கவாட்டில் நின்றால் நீண்டு ஓடும். முனையில் நின்று பார்த்தால் அத்தனை நீளமும் மடங்கி ஒரு தட்டையான ஓவியமாகிவிடும். சுற்றி நடந்தால்தான் சிற்பம் முழுசாகும். கேரோ அப்போது வேலை செய்தது ஒரு சிறிய கார் கொட்டகையில். பின்னால் தள்ளி நின்று பார்க்க இடமில்லை. தூரத்திலிருந்து பார்த்து அழகாக அடுக்கும் பழக்கத்தை அந்த நெருக்கடியே தடுத்தது.

அவர் பாடம் நடத்திய செயின்ட் மார்ட்டின்ஸ் பள்ளியிலிருந்து அடுத்து ஒரு தலைமுறையே வந்தது. ஃபிலிப் கிங் இளஞ்சிவப்பு ஃபைபர்கிளாஸில் கூம்புகள் செய்தார். பிளாஸ்டிக்கும் பளிச்சென்ற பெயின்டும் சிற்பத்துக்குள் சகஜமாகிவிட்டன.

கண்ணுக்குள் நடப்பது

பிரிட்ஜெட் ரைலியின் ‘மூவ்மென்ட் இன் ஸ்கொயர்ஸ்’ 1961இல் வந்தது. கறுப்பு வெள்ளைக் கட்டங்கள், சதுரங்கப் பலகையைப் போலத்தான். இடப்பக்கம் கட்டங்கள் ஒழுங்கான சதுரங்கள். வலப்பக்கம் போகப் போக உயரம் மாறாமல் அகலம் மட்டும் குறைகிறது. நடுவைத் தாண்டிய ஓர் இடத்தில் கட்டங்கள் வெறும் கீற்றுகளாக ஒடுங்கி, பிறகு மறுபடி விரிகின்றன. அவ்வளவுதான் செய்திருக்கிறார். ஆனால் நம் கண்ணுக்குப் பலகை அந்த இடத்தில் உள்ளே மடிந்து விழுகிறது. தட்டையான பலகை என்று தெரிந்தும் கண்ணை நிறுத்த முடியாது. இரண்டாவது வழிக்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் வேண்டாம் என்று தோன்றும். ஒரு வருடம் முன்னால் அவர் என்ன வரைந்தார் தெரியுமா? இத்தாலியின் சியன்னா அருகே வெயிலில் தகித்து அலைபாயும் ஒரு சமவெளி. அதற்கும் முன்னால் பிரெஞ்சு ஓவியர் சூராவின் ஓவியம் ஒன்றைப் பிரதியெடுத்து, புள்ளி புள்ளியாக நிறம் எப்படிக் கண்ணில் கலக்கிறது என்று படித்தார். சிறுமியாக இருந்தபோது போர் வருடங்களைக் கழித்தது கார்ன்வால் கடற்கரையில். ஆக, மண்ணையும் புல்லையும் விட்டுவிட்டு அந்த வெயிலின் அலைபாய்தலை மட்டும் வைத்துக்கொண்டார் என்று சொன்னால் பொருந்திவிடுகிறது.

நியூயார்க்கில் 1965இல் நடந்த ‘தி ரெஸ்பான்சிவ் ஐ’ கண்காட்சியில் அவர் படங்கள் பெரும் பேர் வாங்கின. துணிக்கடைக்காரர்கள் அனுமதி கேட்காமலே அந்த வடிவங்களை உடைகளில் அச்சடித்து விற்றார்கள், அது அவரை மிகவும் காயப்படுத்தியது. 1968இல் வெனிஸ் பினாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் சர்வதேச ஓவியப் பரிசு வாங்கிய முதல் பெண் அவர்.

காலனி நாடுகளிலிருந்து வந்தவர்கள்

பிரிட்டிஷ் அரூபத்தின் கதையை நீண்ட காலம் வெள்ளையர்களை மட்டும் வைத்தே சொல்லிவந்தார்கள். அந்தக் குறை இப்போதுதான் மெல்லச் சரியாகிறது. அன்வர் ஜலால் ஷெம்ஸா சிம்லாவில் பிறந்து, லாகூரில் பெயர் வாங்கிய ஓவியர். 1956இல் லண்டன் ஸ்லேட் பள்ளிக்குப் படிக்க வந்தார். அங்கே கலை வரலாற்று வகுப்பொன்றில் இஸ்லாமியக் கலை வெறும் பயன்பாட்டுக் கலை என்று பேராசிரியர் சொல்லக் கேட்டு மனம் உடைந்து, அதுவரை செய்த வேலையை அழித்துவிட்டார். பிறகு அருங்காட்சியகங்களில் இருந்த கம்பளங்களையும் எழுத்தணிகளையும் உட்கார்ந்து படித்து, வட்டம், சதுரம் இரண்டை மட்டும் வைத்துப் புதிதாகத் தொடங்கினார். வட்டமும் சதுரமும் ஐரோப்பாவின் நவீனக் கண்டுபிடிப்பு என்று நினைத்தவர்களுக்கு அந்தப் படங்களே பதில்.

கயானாவில் பிறந்த ஃபிராங்க் போலிங் 1953இல் லண்டன் வந்தவர். 1970களில் சாய்க்கக்கூடிய மேடையில் கேன்வாஸை வைத்து, உயரத்திலிருந்து பெயின்டை ஊற்றி வழியவிட்டார். நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து கீழே குமிழ்ந்து தேங்குகின்றன. அதே கயானாவிலிருந்து வந்த ஆப்ரி வில்லியம்ஸ், தன் நாட்டு ஆதிகுடிகளின் குறியீடுகளை அரூபத்துக்குள் கொண்டுவந்தார். மும்பையில் பிறந்த அனிஷ் கபூர், 1979இல் இந்தியா வந்து கோயில் வாசல்களில் குவித்து விற்கும் வண்ணப் பொடிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பி, லண்டனில் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகப் பொடி போர்த்திய கூம்புகளையும் அரைக்கோளங்களையும் தரையில் வைத்தார். ‘ஆயிரம் பெயர்கள்’ என்று அந்த வரிசைக்குப் பேர் வைத்தார்.

எதிர்த்திசையில் பயணம் செய்தவர் ஹாவர்ட் ஹாட்ச்கின். 1964இலிருந்து இந்தியாவுக்கு அடிக்கடி வந்துபோன ஆங்கிலேயர், இந்தியச் சிற்றோவியங்களைச் சேகரித்தவர். அவர் படங்களில் தடித்த தூரிகை வீச்சுகள் சட்டத்தையும் தாண்டி வழியும். பார்த்தால் முழு அரூபம். அவரோ தன்னை அரூப ஓவியர் என்று ஒத்துக்கொள்ளவே இல்லை; நடந்த சம்பவங்களையும் அப்போது இருந்த உணர்ச்சியையும்தான் வரைகிறேன் என்றார். அவர் வேலையை நம் நாட்டிலேயே தெருவில் நின்று பார்க்கலாம். தில்லி கஸ்தூர்பா காந்தி மார்க்கில் சார்லஸ் கொரியா வடிவமைத்து 1992இல் திறந்த பிரிட்டிஷ் கவுன்சில் கட்டடத்தின் முகப்பு முழுக்க ஹாட்ச்கினின் சுவர்ச்சித்திரம் இருக்கிறது. ஒரு ஆலமரம், மக்ரானா வெள்ளைப் பளிங்கிலும் நம் வீட்டு அலமாரிகளுக்குப் போடும் அதே கறுப்புக் கடப்பாக் கல்லிலும் பதித்தது. இலையும் விழுதும் தனித்தனியாக வரையவில்லை. கறுப்புத் திட்டுகள் வெள்ளைச் சுவரில் படர்கின்றன. தில்லி போகிறவர்கள் காலை வெயிலிலும் உச்சி வெயிலிலும் என்று இரண்டு தடவை பாருங்கள். நிஜ மரங்களின் நிழலும் அந்தச் சுவரில் விழும், கல் எது நிழல் எது என்று கொஞ்ச நேரம் தேட வேண்டியிருக்கும்.